மார்வாரி முதல் மணிப்பூரி வரை: இந்தியாவின் 8 குதிரை இனங்கள் எப்படி உருவாயின, ஏன் குறைகின்றன?

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பரில் ராஜஸ்தானின் புஷ்கர் சந்தை நடக்கும்போது 'கோடி ரூபாய் குதிரை' என்று ஒரு செய்தி தவறாமல் வரும். உள்பக்கமாக வளைந்து நுனியில் தொட்டுக்கொள்ளும் காதுகள், எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் உடம்பு, பக்கத்தில் தலைப்பாகையோடு உரிமையாளர். ரீல்ஸ் வேகமாகப் பரவும்.

அந்த ரீல்ஸில் வராத ஒரு எண் இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019-ல் சுமார் 3.4 லட்சம்தான். ஏழே ஆண்டுகளில் 45.6 சதவீதம் காணாமல் போயிருக்கிறது.

எந்தக் குதிரைகள் குறைகின்றன, அதனால் என்ன போகிறது என்று புரிய வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: குதிரையில் 'இனம்' என்றால் என்ன?

இனம் என்பது என்ன?

உலகிலுள்ள வீட்டுக் குதிரைகள் எல்லாமே உயிரியல்படி ஒரே உயிரினம். அரபிக் குதிரையையும் மணிப்பூர் மட்டக்குதிரையையும் இணைத்தால் ஆரோக்கியமான குட்டி பிறக்கும். அப்படியென்றால் மார்வாரி வேறு, கத்தியாவாரி வேறு என்று பிரிப்பது எதை வைத்து?

மூன்று விஷயங்களை வைத்து. முதலாவது, நிலம்: பாலைவனமா, பனிமலையா, சதுப்பு நிலமா. இரண்டாவது, வேலை: போர், சுமை, பந்தயம், விளையாட்டு. மூன்றாவது, பதிவு: எந்தக் குதிரையை எதோடு சேர்ப்பது என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்த முடிவும், அதை எழுதி வைத்த அல்லது நினைவில் வைத்த வழக்கமும். இந்த மூன்றும் நீண்ட காலம் சேர்ந்திருந்தால் ஒரே மாதிரி உடல்வாகும் குணமும் கொண்ட ஒரு கூட்டம் உருவாகும். அதைத்தான் இனம் என்கிறோம்.

இந்தியாவில் அந்தப் பதிவைச் செய்வது ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம். அதன் பட்டியலில் இப்போது 8 குதிரை இனங்கள் உள்ளன: மார்வாரி, கத்தியாவாரி, கச்சி-சிந்தி, மணிப்பூரி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, பீம்தடி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மட்டக்குதிரை என்பது குதிரைக்குட்டி இல்லை. முழு வளர்ச்சியடைந்த பிறகும் உயரம் குறைவாகவே இருக்கும் குதிரை அது. தோளின் மேல் உள்ள திமில் மேட்டிலிருந்து தரை வரை அளப்பார்கள். 'ஹேண்ட்' என்ற பழைய அளவுதான் இன்றும் கணக்கு. ஒரு ஹேண்ட் என்றால் 4 அங்குலம். பொதுவாக 14 ஹேண்ட் 2 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 147 செ.மீ.க்குக் கீழே இருந்தால் மட்டக்குதிரை என்பார்கள்.

குதிரை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு 2021-ல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை பெரிய தெளிவைத் தந்தது. 273 பழங்காலக் குதிரைகளின் எச்சங்களிலிருந்து மரபணுக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். இன்றைய வீட்டுக் குதிரைகள் எல்லாவற்றின் வேரும் இன்றைய ரஷ்யாவின் தென்பகுதியில், வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் இருப்பது தெரிந்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பிய குதிரைக் கூட்டம், சில நூற்றாண்டுகளுக்குள் ஐரோப்பா, ஆசியா முழுக்கப் பரவி, அங்கங்கே ஏற்கெனவே இருந்த குதிரைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் இரண்டு மரபணுக்கள் வலுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஒன்று முதுகின் வலுவோடும், மற்றொன்று சாந்த குணத்தோடும் தொடர்புடையதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுலபமாகச் சொன்னால், ஆளைச் சுமக்கிற முதுகு, ஆளைக் கண்டால் மிரளாத மனசு. மனிதர்கள் குதிரையிடம் முதலில் தேடியதே இந்த இரண்டைத்தான்.

அதன் பிறகு நடந்தது எல்லாம், அந்த ஒரே அடித்தளத்தின் மேல் ஒவ்வொரு ஊரும் தனக்கேற்ற குதிரையைக் கட்டியெழுப்பிய கதை.

உலகை மாற்றிய இரண்டு இனங்கள்

இந்தியக் குதிரைகளைப் பார்க்கும் முன், இரண்டு வெளிநாட்டு இனங்களைத் தெரிந்துகொள்வது அவசியம். எங்கே பார்த்தாலும் இவை குறுக்கே வரும்.

அரபி: அரேபியப் பாலைவனத்தில் உருவானது. நெற்றிக்குக் கீழே லேசாகக் குழிந்த முகம், பெரிய கண்கள், அகன்ற நாசித் துவாரங்கள், ஓடும்போது உயர்ந்து நிற்கும் வால். முதுகு குட்டை. சில அரபிக் குதிரைகளுக்கு மற்றவற்றைவிட ஒரு ஜோடி விலா எலும்பும், ஒரு இடுப்பு முள்ளெலும்பும் குறைவாக இருக்கும். இதன் பெரிய பலம் தாக்குப்பிடிக்கும் திறன். அதனால்தான் நீண்ட தூர ஓட்டப் போட்டிகளில் இன்றும் அரபியின் ஆதிக்கம்தான்.

தரோபிரெட்: பந்தய மைதானங்களில் நாம் பார்ப்பது இதைத்தான். 17-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில், உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு கிழக்கிலிருந்து வந்த ஆண் குதிரைகளைச் சேர்த்து உருவாக்கினார்கள். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று குதிரைகள்தான் மூதாதையர். டார்லி அரேபியன் 1704-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து போனது. இன்றைய ஆண் தரோபிரெட்களில் சுமார் 95 சதவீதம் தந்தை வழியில் அந்த ஒரே குதிரையில்தான் போய் முடிகின்றன.

1791-ல் இங்கிலாந்தில் 'ஜெனரல் ஸ்டட் புக்' என்ற வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. தாயும் தகப்பனும் பதிவேட்டில் இல்லாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் தரோபிரெட் ஆக முடியாது. 'இனம்' என்ற சொல்லுக்கு இன்று நாம் தரும் இறுக்கமான அர்த்தம் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

இந்தியாவின் எட்டு: யார், எந்த ஊர், என்ன அடையாளம்?

மேற்குப் பாலைவனத்துக் குதிரைகள்

மார்வாரி: ராஜஸ்தானின் மார்வார் பகுதி, அதாவது ஜோத்பூரைச் சுற்றிய நிலம். ரத்தோர் மன்னர்களின் போர்க்குதிரை. உயரம் சுமார் 14 முதல் 15 ஹேண்ட். வளைந்த காதுகள்தான் அடையாளம். அந்தக் காதுகளைத் தனித்தனியாக 180 டிகிரி வரை திருப்ப முடியும். நீண்ட முகம், மெலிந்த கால்கள். பல மார்வாரிகளுக்கு 'ரேவால்' என்ற இயல்பான நடை உண்டு. குலுக்கல் குறைவு என்பதால் மணல்வெளியில் நெடுந்தூரம் போகிறவருக்கு இடுப்பு வலிக்காது.

கத்தியாவாரி: குஜராத்தின் சௌராஷ்டிரா. காத்தியாவார் தீபகற்பத்தின் பெயரே இனத்தின் பெயர். பார்க்க மார்வாரியின் தம்பி மாதிரி இருக்கும். சற்றுக் குட்டை, அகன்ற நெற்றி, சிறிய வாய்ப்பகுதி, குழிந்த முகம். காதின் வளைவு மார்வாரியைவிட அதிகம். குஜராத் காவல்துறையின் குதிரைப்படையில் இவற்றைப் பார்க்கலாம்.

கச்சி-சிந்தி: குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மர் எல்லைப் பகுதிகள். இதற்கும் காது வளையும், ஆனால் நுனிகள் தொடாது. மூக்குப் பகுதி வெளிப்புறமாக வளைந்திருக்கும். சுட்டெரிக்கும் வெயிலையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் தாங்கும். மார்வாரி, கத்தியாவாரியிலிருந்து இது தனி இனம் என்பது மிகத் தாமதமாகத்தான் பதிவேட்டில் ஏறியது.

மலைக் குதிரைகள்

ஸ்பிதி: இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கு. உயரம் குறைவு, எலும்பு கனம், அடர்ந்த ரோமம். ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில், கடும் பனியில், கொஞ்சம் புல்லைத் தின்று சுமை தூக்கும்.

சன்ஸ்காரி: லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கு. ஸ்பிதியைவிடக் கொஞ்சம் உயரம். கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் வேலை செய்யப் பழகியது. சாலை முடியும் இடத்திலிருந்து முகாம் வரை பொருள் கொண்டுபோக ராணுவத்துக்கும் மலையேற்றக்காரர்களுக்கும் இதுதான் வண்டி.

பூட்டியா: சிக்கிம், டார்ஜிலிங் மலைகள். திபெத்தியக் குதிரைகளின் நெருங்கிய உறவு. செங்குத்துப் பாதையில் சுமையோடு கால் தவறாமல் நடக்கும்.

வடகிழக்கும் தக்காணமும்

மணிப்பூரி: உயரம் 11 முதல் 13 ஹேண்ட், அதாவது அதிகபட்சம் சுமார் 132 செ.மீ. உருவம் சின்னது, ஆனால் திடீரென நின்று, திரும்பி, மறுபடி பாய்வதில் கெட்டிக்காரக் குதிரை. காரணம் போலோ. கீழே விரிவாகப் பார்ப்போம்.

பீம்தடி: மகாராஷ்டிராவின் பீமா ஆற்றுப் படுகை. உள்ளூர் மட்டக்குதிரைகளோடு அரபி, துருக்கிக் குதிரைகள் கலந்து உருவானது. தக்காணி என்றும் சொல்வார்கள். மராட்டியர்களின் வேகமான குதிரைப்படைக்குப் பெயர் வாங்கித் தந்த வகை. இன்று பெரும்பாலும் ஆட்டு மந்தையோடு ஊர் ஊராக நடக்கும் தங்கர் மேய்ப்பர்களின் வீட்டுச் சாமான்களைச் சுமக்கிறது. 2024-ல்தான் தனி இனமாகப் பதிவானது.

தமிழ்நாட்டுக்கு ஏன் ஒரு இனம்கூட இல்லை?

பட்டியலைப் பார்த்தவுடன் நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். அய்யனார் கோயிலுக்குக் கோயில் மண் குதிரை நிற்கிற ஊர் இது. ஆனால் இந்த எட்டில் ஒன்றுகூட இங்கே உருவானதில்லை.

காரணம், தமிழகம் குதிரையை வளர்த்ததைவிட அதிகம் வாங்கியது. கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தோடு மாணிக்கவாசகர் கிளம்பியதும் குதிரை வாங்கத்தான் என்கிறது திருவிளையாடல் கதை.

13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து காயல் துறைமுகத்துக்குக் குதிரைக் கப்பல்கள் வந்ததைச் சொல்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினாலும், பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததால் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் இறந்துவிட்டன என்றும் எழுதினார். அவர் காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்ற கணக்கைத் தருகிறார். இந்த எண்கள் மிகையாகவே இருக்கலாம். ஆனால் பெரும் இறக்குமதி நடந்தது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

ஈரமான காற்று, வறண்ட மேய்ச்சல் புல்வெளி இல்லாத நிலம், தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து பதிவு வைத்திருக்கும் சமூகம் இல்லாதது. நாம் முதலில் சொன்ன மூன்றில், இங்கே இருந்தது வேலை மட்டும்தான். நிலமும் பதிவும் சேராததால் இனம் உருவாகவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

2012-க்கும் 2019-க்கும் நடுவில் குதிரைகள் 45.6 சதவீதம் குறைந்தன என்று பார்த்தோம். அதே காலத்தில் கோவேறு கழுதைகள் சுமார் 57 சதவீதமும், கழுதைகள் சுமார் 61 சதவீதமும் குறைந்தன. மூன்றும் சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகள். மூன்றும் ஒன்றாக விழுகின்றன என்றால் காரணத்தை ரொம்ப தூரம் தேட வேண்டாம். செங்கல் சூளைக்கு டிராக்டர் வந்துவிட்டது, மலைக் கிராமத்துக்குச் சாலை வந்துவிட்டது, டோங்கா ஓடிய தெருவில் இ-ரிக்‌ஷா ஓடுகிறது.

இது கெட்ட செய்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சாலை வந்தது மலை மக்களுக்கு நல்லது. சூளையில் புண்பட்ட முதுகோடு இழுத்த குதிரைக்கும் அந்த வேலை போனதில் நஷ்டமில்லை. பிரச்சினை, வேலை போகும்போது அந்த வேலைக்காக உருவான இனமும் சேர்ந்து போவதுதான்.

இனவாரியாகப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். 2019 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இருந்த மார்வாரிகள் 33,267. நாட்டின் மிகப் பிரபலமான குதிரை இனமே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். நம் நாட்டுக் குதிரைகளில் பெரும்பாலானவை எந்த இனத்திலும் சேராத, அரசுப் பதிவேட்டில் 'வகைப்படுத்தப்படாதவை' என்று போகிறவை.

மணிப்பூர்: வேலை இருந்தும் குறைந்த குதிரை

மணிப்பூரில் 'சகோல்' என்றால் குதிரை, 'காங்ஜெய்' என்றால் மட்டை. சகோல் காங்ஜெய் என்ற ஆட்டத்தை 1850-களில் பார்த்த ஆங்கிலேயர்கள் அதைத் தாங்களும் ஆடத் தொடங்கி, 1859-ல் அசாமின் சில்சாரில் கிளப் ஆரம்பித்தார்கள். பிறகு கொல்கத்தா, அங்கிருந்து இங்கிலாந்து. இன்று உலகம் ஆடும் நவீன போலோவின் வேர் இதுதான். இம்பாலின் மபால் காங்ஜெய்புங் மைதானத்தில் இன்றும் ஆட்டம் நடக்கிறது.

ஆனால் ஆட்டம் உலகம் சுற்றியபோது குதிரை கூடப் போகவில்லை. தொடக்கத்தில் போலோ குதிரைக்கு இருந்த உயர வரம்பு பிற்பாடு நீக்கப்பட்டது. வேகமான, உயரமான தரோபிரெட் கலப்புகள் மைதானத்தைப் பிடித்தன. போலோவுக்காகவே வளர்ந்த மணிப்பூரி, உலகப் போலோவில் இடமில்லாமல் சொந்த ஊரோடு நின்றது.

சொந்த ஊரிலும் நிலம் சுருங்கியது. இந்தக் குதிரைகள் காலங்காலமாகத் திறந்தவெளியில், லாம்பெல்பட் போன்ற சதுப்பு நிலங்களில் மேய்ந்து வளர்ந்தவை. நகரம் விரிய விரிய சதுப்பு நிலங்கள் கட்டடங்களாகின. இப்போது இம்பால் தெருவோரக் குப்பைமேட்டில் குதிரைகள் மேய்வதைப் பார்க்க முடியும். பிளாஸ்டிக்கைத் தின்பது, வாகனத்தில் அடிபடுவது எல்லாம் அங்கே அடிக்கடி நடப்பதுதான்.

2003 கணக்கெடுப்பில் மணிப்பூரில் 1,898 மணிப்பூரிக் குதிரைகள் இருந்தன. 2012-ல் 1,101 ஆனது. 2019-ல் 1,089. முதல் ஒன்பது ஆண்டுகளில் 42 சதவீதம் போய்விட்டது. மாநில அரசு 2016-ல் இந்தக் குதிரைக்கென்றே ஒரு பாதுகாப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் இம்பாலில் 120 அடி உயரத்தில் போலோ வீரரின் சிலை திறக்கப்பட்டது. சிலைக் குதிரைக்கு மேய்ச்சல் நிலம் தேவைப்படாது. உயிருள்ளதற்குத் தேவை. அந்தத் தீவில்தான் கொள்கை இன்னும் திணறுகிறது.

காப்பாற்ற என்ன நடக்கிறது?

மார்வாரி ஏற்கெனவே ஒருமுறை விளிம்பு வரை போய்த் திரும்பியது. போர்க்குதிரையின் காலம் முடிந்த 1930-களில் ஜோத்பூர் மன்னர் உமேத் சிங் நல்ல குதிரைகளைத் தேடிச் சேர்த்து இனப்பெருக்கம் செய்தார். சுதந்திரத்துக்குப் பின் ஜாகிர்கள் ஒழிந்தபோது குதிரை வைத்துக்கொள்வது பழைய நிலப்பிரபுத்துவத்தின் அடையாளமாகிப்போனது, எண்ணிக்கை மறுபடி சரிந்தது. அவர் பேரன் கஜ் சிங்கும் வளர்ப்போர் சங்கங்களும் பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். கல்யாண ஊர்வலம், சுற்றுலா, கண்காட்சி என்று புது வேலை கிடைத்ததும் உதவியது.

இப்போது ஆய்வகமும் சேர்ந்திருக்கிறது. ஹிசாரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில், 2023 மே மாதம் கருமாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது. பெயர் ராஜ் பிரதமா. நல்ல வம்சத்துப் பெண் குதிரையின் கருவை எடுத்து வேறொரு வாடகைத் தாயிடம் வளர்ப்பதுதான் முறை. ஒரு குதிரை கர்ப்பத்தைச் சுமக்க சுமார் 11 மாதம் ஆகும். இந்த முறையில் ஒரே தாயிடமிருந்து ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குட்டிகளைப் பெற முடியும். உறைய வைத்த கருவிலிருந்தும் அதே ஆண்டு ஒரு குட்டி பிறந்தது. மார்வாரி, கத்தியாவாரி, மணிப்பூரி குதிரைகளை உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யவும் முடியாது.

பதிவு விஷயத்திலும் நகர்வு இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பு, எல்லா விலங்குகளிலும் சேர்த்து 219 உள்நாட்டு இனங்களைத் தனித்தனியாக எண்ணும்படி வடிவமைக்கப்பட்டது. பீம்தடிக்குத் தனிப் பெயர் கிடைத்ததன் பலன் இங்கேதான். பெயர் இல்லாதவரை அது 'வகைப்படுத்தப்படாத' லட்சங்களில் ஒன்று. குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பெயர் வந்த பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அதற்கென்று ஒரு வரி இருக்கும்.

அடுத்த முறை ரீல்ஸ் பார்க்கும்போது

கோடி ரூபாய் என்பது பெரும்பாலும் உரிமையாளர் சொல்லும் விலை. விற்ற விலை அல்ல. இரண்டும் ஒன்றா என்று செய்தியில் பாருங்கள்.

வெள்ளையாக, இளஞ்சிவப்புத் தோலோடு இருக்கும் 'நுக்ரா' குதிரைகள் பஞ்சாபிலும் திருமண ஊர்வலங்களிலும் மிகப் பிரபலம். ஆனால் பதிவான எட்டு இனங்களில் நுக்ரா இல்லை.

காது வளைந்திருந்தாலே மார்வாரி என்று முடிவு கட்ட வேண்டாம். நுனி தொடாவிட்டால் கச்சி-சிந்தியாக இருக்கலாம், முகம் குட்டையாகவும் குழிந்தும் இருந்தால் கத்தியாவாரியாக இருக்கலாம், கலப்பாகவும் இருக்கலாம்.

லடாக்கிலோ ஸ்பிதியிலோ ட்ரெக்கிங் போகும்போது உங்கள் பையைச் சுமக்கும் குதிரை எந்த இனம் என்று அதன் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் குதிரைக்கு இன்னும் வேலை இருப்பதற்கு உங்களைப் போன்ற பயணிகளும் ஒரு காரணம். எவ்வளவு சுமை ஏற்றுகிறார்கள், முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.